நம்பரை மட்டும் மாற்றாதே

மும்பை லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்த அடுத்த நிமிடமே, முன்னால் நிற்கிற பெண் குனிந்து ஒரு கேள்வி கேட்பாள். "கிதர் உத்தர்னே கா?" எங்கே இறங்குவாய் என்று அர்த்தம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், சாப்பிட்டாயா என்ற விசாரிப்பும் வேண்டாம். குர்லா என்று சொன்னால் அவள் முகம் மலரும். தொலைவில் இருக்கிற டோம்பிவிலி என்றால் நம்மைச் சபித்துவிட்டு அடுத்தவளிடம் போய்விடுவாள். குர்லா என்று சொன்ன மாத்திரத்தில், நாம் எழுந்ததும் உட்கார அந்த இடம் அவளுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிறகு வேறு யாராவது கேட்டால், நமக்கு முன்னால் அவளே கையை நீட்டித் தடுப்பாள். எங்கள் பக்கத்தில், நாங்குநேரியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காருகிற பெண்மணி, "எந்த ஊரு, யாரு மவ?" என்றுதான் ஆரம்பிப்பாள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் நமக்கு எந்த வகையில் சொந்தம் என்பதும் தெரிந்துவிடும். எங்கே இறங்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தேவையே இல்லை. இரண்டு வருடமாக இந்த ஊர் ரயிலில் போய்வருகிறேன். இன்னமும் அந்தக் கேள்வி வரும்போது ஒரு கணம் வேறு பதில்தான் நாக்கு நுனிக்கு வருகிறது.

முதன்முதலாக அந்தக் கேள்வி என்னிடம் வந்தது என் முதல் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போன அன்று. சயான் ஸ்டேஷனில் ஏறி விக்ரோலியில் இறங்க வேண்டும். காலையில் ஊரே நகரத்துக்குள் போகும்போது நான் எதிர்த்திசையில் போனதால் லேடீஸ் பெட்டியில் ஓர் ஓரம் கிடைத்தது. மடியில் ஃபைல், ஃபைலுக்குள் ரெஸ்யூம். அப்போது எனக்கு இந்தி என்றால் எண்களும் காய்கறிப் பெயர்களும்தான் தெரியும். ஒரு பெண் குனிந்து ஏதோ கேட்டாள். புது இடத்தில் புது ஆளிடம் வேறு என்ன கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக, "திருநெல்வேலி" என்றேன். அவள் கண்களை விரித்துப் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி ஏதோ சொல்ல, அந்த வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சாயங்காலம் அத்தை மகள் கவிதாதான் விளக்கினாள். நான் திருநெல்வேலி வரை அந்த இடத்தை விடப்போவதில்லை என்று அவர்களிடம் அறிவித்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.எஸ்ஸி. முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சென்னையில் ஆறு மாதம் ஹாஸ்டலில் தங்கி, பைதான் கோர்ஸ் முடித்து, விண்ணப்பம் அனுப்பாத கம்பெனி இல்லை. "கூப்பிடுகிறோம்" என்றவர்கள் யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் தாராவியில் இருக்கிற செல்வி அத்தை, அப்பாவின் தங்கை, இங்கே வரச் சொன்னாள். அப்பா மூன்று மாதம் கெடு வைத்தார். வார்த்தையை மட்டும் நம்புகிறவர் அல்ல அவர். நான் வண்டியேறிய மறுநாளே, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாகர்கோவில் போகும் ரயிலில் எனக்குத் திரும்பி வர டிக்கெட் எடுத்துவிட்டார். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தார். அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். என்னை எனக்கு நன்றாகத் தெரியும், நான் சுகவாசி. இன்டர்வியூ, கெடு முடிகிற வாரத்து வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கன்ஃபர்ம் ஆகியிருந்தது, சைடு அப்பர் பெர்த்.

இங்கே ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் தாய்மாமன் பெயருக்குக் கீழே "தாராவி, மும்பை" என்று அச்சடித்திருந்தால் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. சொந்தக்காரர் தாராவியில் இருக்கிறார் என்றால் கை நிறையச் சம்பாதிக்கிறார், கோயில் கொடைக்கு வரும்போது சூட்கேஸ் நிறையக் கொண்டுவருவார் என்று பொருள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே, இங்கே அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கண்டுகொண்டேன். குடை விரிக்க முடியாத சந்துக்குள், கீழே ஓர் அறையும் ஏணி வைத்து மேலே ஓர் அறையுமாக இருக்கிறது அத்தை வீடு. தோல் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பது அத்தையின் வேலை. சுத்தத்துக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் சந்தைத் தாண்டி வெளியே போய் எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அத்தை, மாமா, கவிதா மூவரும் ஒரே குரலில் "சயான்" என்பார்கள். ஊரில் மார்தட்டிச் சொல்கிற பெயரை இங்கே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைக்கிறார்களே என்று எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

ரெஸ்யூம் அடிக்கிற அன்று அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "மதினி, தாராவின்னு போட்டா டைரக்ட் ரிஜெக்ட். ஃபோன் பீ நை ஆயேகா, ஒரு ஃபோன்கூட வராது" என்றாள் கவிதா. அவள் ஒரு கால்சென்டரில் வேலை பார்க்கிறாள். தாராவி என்று போட்டு எட்டு இடத்துக்கு அனுப்பி ஒன்றும் வராமல், சயான் என்று மாற்றி அனுப்பிய பிறகுதான் அவளுக்கு இரண்டு இடத்தில் இருந்து கூப்பிட்டார்களாம். நான் தயங்கினேன். பொய் எழுதினால் தபால் எப்படி வீடு வந்து சேரும் என்று கேட்டேன். ஜிப் தைத்துக்கொண்டிருந்த அத்தை மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். "ஏட்டி, பேர என்ன வேணா போட்டுக்க. நம்பர மட்டும் மாத்திராத. தபால்காரன் நம்பரத்தான் பாப்பான். வாரவன் போறவன்தான் பேரப் பாப்பான்." நம்பர் என்று அவள் சொன்னது பின்கோடை. தாராவியின் பின்கோடு பதினேழில் முடியும். அந்தப் பதினேழு சரியாக இருந்தால் மேலே சயான் என்று இருந்தாலும் மாகிம் என்று இருந்தாலும் கடிதம் நம் சந்துக்கே வந்துவிடும். தாராவிக்காரர்கள் தலைமுறையாகச் செய்துவருகிற ஏற்பாடு இது. இதைப் படிக்கிற தாராவிக்காரர்கள் இப்போது என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். "அப்ப சயான்னே போடட்டுமா?" என்று கேட்டேன். "அது எல்லாரும் போடுததுதான். நீ பட்டம் வாங்கின பிள்ள, மாட்டுங்கான்னு போடு" என்று எனக்கு ஒரு படி உயர்த்தியே கொடுத்தாள் அத்தை. மாட்டுங்கா என்றால் பூக்கடைகளும் காபிக்கடைகளும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும். கேட்பவர்கள் மனதில் அந்தப் படம்தான் வரும். இசக்கியம்மாள், பி.எஸ்ஸி., மாட்டுங்கா, கடைசியில் பதினேழு. அடித்து முடித்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விக்ரோலியில் அந்தக் கம்பெனி இருந்தது ஒரு பழைய இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் மூன்றாவது மாடியில். கீழே கேட்டில் வாட்ச்மேன் ஒரு நீள ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பெயர், ஃபோன், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, நேரம், கையெழுத்து. எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் அந்த மூன்றாவது கட்டத்தில் தங்கள் கம்பெனிப் பெயரை எழுதியிருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கு அந்த மாதிரி எழுத ஒரு கம்பெனியும் இல்லை. "மாட்டுங்கா" என்று எழுதினேன். ரெஸ்யூமில் அதை மிஷின்தான் அடித்தது. இது என் சொந்தக் கையெழுத்து. வாட்ச்மேன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாட்டுங்கா கௌன்சி கம்பெனி?" என்று கேட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறார், எனக்குக் கம்பெனி என்ற சொல் மட்டும் புரிந்தது. "எஸ், கம்பெனி, தேர்டு ஃப்ளோர்" என்று மேலே கைகாட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

மேலே பத்துப் பேர் வேலை பார்க்கிற ஒரே அறை. மூலையில் கண்ணாடி வைத்து மறைத்த ஒரு சின்ன இடம், அதுதான் இன்டர்வியூ அறை. கம்பெனியை நடத்துகிறவர்கள் இருவர். ஒருவர் கிருஷ்ணன் சார், ஐம்பது வயதிருக்கும். பாலக்காட்டுப் பூர்வீகம் என்பதும், மும்பையை விட்டு வெளியே வாழ்ந்தவர் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. இன்னொருவர் வைஷாலி மேடம், மராத்திக்காரர், நாற்பதுக்கு உள்ளே, குறைவாகப் பேசுகிறவர். கல்லூரியில் பயிற்சி கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்த சுய அறிமுகத்தை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பெயர், படிப்பு, அப்பா பெயர் வரை சரளமாக வந்தது. "ஐ ஆம் ரிசைடிங் அட்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. கிருஷ்ணன் சார் உதவிக்கு வருகிற எண்ணத்தில் ரெஸ்யூமைப் பார்த்தார். அவர் முகம் பிரகாசமானது. "பேரைப் பார்த்தாலே தெரியறது, திருநெல்வேலிதானே? தமிழிலேயே சொல்லுங்கோ. மாட்டுங்காவிலே எங்கே ஜாகை?"

"ஸ்டேஷன் பக்கம் சார்."

"ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்? நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவனாக்கும்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாட்டுங்காவை நான் ஒரே ஒருமுறை, கவிதாவோடு பூ வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன். மும்பையில் இருக்கிற அத்தனை கோடிப் பேரில் மாட்டுங்காவில் பிறந்த ஒருவர் முன்னால் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்த அத்தையை மனதுக்குள் வாழ்த்தினேன். வைஷாலி மேடம்தான் காப்பாற்றினார். "டைம், கிருஷ்ணன், டைம்" என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, ஒரு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பேச்சுப் பரீட்சை முடிந்தது, இனி வேலைப் பரீட்சை.

அவர்கள் ஒரு மருந்துக்கடைக்காரருக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தார்கள். ஃபோனில் ஆர்டர் கொடுத்தால் மருந்து வீட்டுக்கு வரும். ஆனால் நிறைய ஆர்டர்களில் பகுதிப் பெயர் ஒன்றாகவும் பின்கோடு வேறாகவும் இருக்கிறது. டெலிவரி ஆட்கள் பெயரைப் பார்த்து ஓரிடத்துக்குப் போய், அங்கே அப்படி ஒரு வீடே இல்லாமல் திரும்பி வருகிறார்கள். எனக்குக் கொடுத்த வேலை எளிமையானது. முன்னூறு சொச்சம் ஆர்டர்கள் இருக்கிற ஒரு பட்டியல். பெயரும் பின்கோடும் ஒத்துப்போகாதவற்றைக் கண்டுபிடித்து, "உங்கள் முகவரி தவறு, ஆர்டர் ரத்து" என்று அவர்களுக்குத் தானாகவே மெசேஜ் போகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். கீபோர்டில் கை வைத்ததும் பயம் போய்விட்டது. அது என்னவோ, மனிதர்கள் முன்னால் தந்தியடிக்கிற எனக்குத் திரையைப் பார்த்தால் தைரியம் வந்துவிடும். நாற்பது நிமிடத்தில் முடித்து ஓட்டியும் பார்த்தேன். ஒரு தவறும் இல்லாமல் ஓடியது. மீதி இருபது நிமிடத்தில் சும்மா இருக்கமாட்டாமல், என் புரோகிராம் பிடித்துக் கொடுத்த குற்றவாளிகள் யார் யாரென்று படிக்க ஆரம்பித்தேன்.

முத்துப்பேச்சி, சயான், பதினேழு, சர்க்கரை மாத்திரை. ஷேக் என்று ஒருவர், மாகிம், பதினேழு, இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து. இன்னொருவர் பாந்த்ரா என்று தைரியமாகப் போட்டிருந்தார், அவரும் பதினேழு. மாட்டுங்காவும் இருந்தது. கீழே இறக்கிக்கொண்டே போனேன், பாதிக்குப் பாதி பதினேழு. ஒருவரையும் எனக்குத் தெரியாது, ஆனால் எல்லோரையும் தெரியும். எல்லோரும் என் அத்தையின் பள்ளியில் படித்தவர்கள். பேரை மாற்றியிருக்கிறார்கள், நம்பரை மாற்றவில்லை. தபால்காரருக்கு இது தெரியும், இந்தப் புது மருந்துக்கடைக்குத் தெரியவில்லை. நான் எழுதிய புரோகிராம் நாளைக்கு அங்கே போய் உட்கார்ந்தால், முத்துப்பேச்சிக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக ஒரு மெசேஜ் போகும்.

ஒரு மணி நேரம் முடிந்து இருவரும் வந்தார்கள். வைஷாலி மேடம் வரி வரியாகப் படித்துவிட்டு லேசாகத் தலையசைத்தார். கிருஷ்ணன் சார், "பலே!" என்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜை மேல் என் ரெஸ்யூம் திறந்தபடி கிடந்தது. அதில் மாட்டுங்கா, பதினேழு. இதுவரை அவர்கள் கண்ணில் அந்தப் பதினேழு படவில்லை. அப்போது கிருஷ்ணன் சார் திரையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன ஜனங்களோ! சொந்த அட்ரஸ் எழுதக்கூடத் தெரியலை பாருங்கோ." உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் கூடச் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. மிஷினை நிறுத்தாமல் பேசுகிற அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. கைநாட்டு வைக்கிறவள்தான், ஆனால் அவளுக்கா தன் முகவரி தெரியாது?

"தெரியாம எழுதல சார். தெரிஞ்சேதான் எழுதியிருக்காவ" என்று சொன்னேன். பதற்றம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். பிறகு நிறுத்த முடியவில்லை. தமிழில் பாதி, மேடத்துக்காக உடைந்த ஆங்கிலத்தில் பாதி, எல்லாவற்றையும் சொன்னேன். தாராவி என்று எழுதினால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், அதனால் பெயரை மாற்றுகிறார்கள். மாற்றி மாற்றிப் பழகி மருந்துக்கும் அதையே எழுதுகிறார்கள். நம்பர் சரியாகத்தான் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு நம்பரைப் பார்த்துப் போனால் மருந்து போய்ச் சேரும். சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். வைஷாலி மேடம் மெதுவாகக் கையை நீட்டி என் ரெஸ்யூமை எடுத்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு அதை என் பக்கமாகத் திருப்பி வைத்து, பின்கோடின் மேல் விரலை வைத்தார்.

"யே பீ?"

இதுவுமா என்று கேட்கிறார் என்பது அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தே புரிந்தது. "எஸ் மேடம். தாராவி" என்றேன். தாராவியை என் முகவரியாக மும்பையில் ஓர் ஆபீசுக்குள் நான் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் இந்தியில் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே வெளியே கையைக் காட்டினார். சரி, முடிந்தது. சைடு அப்பர் பெர்த் கண்ணுக்கு முன்னால் வந்தது, ஜவுளிக்கடை வந்தது, அப்பா ஸ்டேஷனில் வந்து நிற்பதும் வந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு, "தேங்க் யூ மேடம், சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுக் கதவு வரை போய்விட்டேன்.

"எங்கே போறேள்?" என்று கிருஷ்ணன் சார் குரல் கேட்டது. "வெளியிலே பெரிய ஸ்க்ரீன்லே முழு லிஸ்ட்டும் இருக்கு, அதிலே இந்த மாதிரி எத்தனை இருக்குன்னு பார்க்கச் சொல்றா. அதுக்குள்ளே ஆத்துக்குக் கிளம்பிட்டா எப்படி?"

வெளியே போய் அந்தப் பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்தேன். பெயரை ஒப்பிடுகிற வரியை எடுத்துவிட்டு, பின்கோடையும் சந்து, தெருப் பெயரையும் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றி ஓட்டினேன். பட்டியல் மளமளவென்று சுருங்கியது. நிஜமாகவே தப்பாக எழுதியவர்கள் கொஞ்சம் பேர் மட்டும் மிஞ்சினார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணன் சார் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ரெண்டு மாசமா இந்த லிஸ்ட்டைப் பார்த்துண்டிருக்கேன். மாட்டுங்காவிலேருந்து தாராவி நடந்து போற தூரம்தான். எனக்குத் தோணலை" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டு, "இருந்தாலும் ரெஸ்யூம்லே பொய் எழுதலாமா?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் வேலை இனிமேல் போனால் போகட்டும் என்ற இடத்துக்கு நான் வந்திருந்தேன். "உள்ளதை எழுதியிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பீங்களா சார்?" என்றேன். அவர் அதை மேடத்துக்கு மொழிபெயர்த்தார். மேடம் யோசித்தார். கூப்பிட்டிருப்போம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். "ஐ டோன்ட் நோ" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது, இன்றைக்கும் பிடிக்கும். அடுத்ததாக அவர் கேட்டது, தாராவியிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று. சயான் வரை நடை, ஸ்லோ ரயிலில் இருபது நிமிடம் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த ஆட்களில் பாதிப் பேர் டோம்பிவிலிக்காரர்களாம். மழை பெய்து தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் அன்றைக்கு ஆபீசே கிடையாதாம். "இது ஒரு பெரிய க்வாலிஃபிகேஷன். முதல்லேயே எழுதியிருக்கப்படாதா?" என்றார் கிருஷ்ணன் சார். மூன்று மாதம் டிரெயினிங், பிறகு நிரந்தரம், திங்கட்கிழமை வந்துவிடு என்று சொல்லி ஒரு ஃபாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

கேட்டில் வாட்ச்மேன், வெளியே போகிற நேரம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் மாட்டுங்கா என்று இருந்ததைப் பார்த்தேன். சந்தோஷத்தில் புத்தி கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும், அதை அடித்துவிட்டுத் தாராவி என்று எழுதப் போனேன். அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் கூடாதாம். அந்தப் பக்கத்தில் நான் இன்னமும் மாட்டுங்காக்காரிதான். வெளியே வந்து இரண்டு வடாபாவ் வாங்கித் தின்றேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விக்ரோலி பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வந்த ரயில்களை எல்லாம் போகவிட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. பிறகு அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா, வேல கிடைச்சிட்டு. டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க" என்றேன்.

"நல்லதும்மா. கடைக்காரர்ட்ட சொல்லிருதேன்" என்றார். பிறகு, "உன் சைக்கிளத் தொடச்சு, காத்தடிச்சு வச்சிருந்தேன்" என்றார். ரயில் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன், அப்போது ரயில் எதுவும் வரவில்லை.

அத்தைதான் நான் எதிர்பார்க்காத மாதிரி நடந்துகொண்டாள். வேலை கிடைத்ததென்று சொன்னதும் மிஷினை நிறுத்திவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எப்படிக் கிடைத்தது என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எல்லாத்தையும் சொல்லிட்டியாட்டி? எத்தன வருசமா நாங்க காப்பாத்திட்டு வாரோம், ஒரே நாள்ல ஊரறியப் பண்ணிட்டியே!" என்று தலையில் கை வைத்தாள். கவிதாவின் ஆபீஸ்காரர்கள் காதுக்குப் போய்விடுமா என்ற பயம் அவளுக்கு. நியாயமான பயம்தான், எனக்கு நல்லவர்கள் கிடைத்தார்கள் என்பதற்காக எல்லோருக்கும் கிடைப்பார்களா? ஆனால் இனிமேல் அந்த மருந்துக்கடைக்காரர் பெயரைப் பார்க்கமாட்டார், நம்பரைத்தான் பார்ப்பார், முத்துப்பேச்சிக்கு மாத்திரை வந்து சேரும் என்று சொன்னேன். அத்தை தலையிலிருந்து கையை எடுத்தாள். "நம்பரப் பாத்து வந்துருவானா?" "வந்துருவான் அத்தே." "அப்பச் சரி" என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, நான் ஏறாத அந்த ரயில் புறப்பட்டுப் போன நேரத்தில், மேல் அறையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆபீஸ் ஃபாரத்தை நிரப்பினேன். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி என்று இரண்டு கட்டங்கள். தற்போதையதில் சந்துப் பெயர், தொண்ணூறு அடி ரோடு, தாராவி, மும்பை என்று எழுதி, பின்கோடுக்கான ஆறு சின்னக் கட்டங்களையும் நிரப்பினேன். ஏணியில் ஏறி வந்து கடைசிப் பதினேழைப் பார்த்துவிட்டு, "நல்லாக் குண்டுகுண்டாத்தான் எழுதுத" என்றாள் அத்தை. படிக்கத் தெரியாதவளுக்கு அந்த இரண்டு எண்கள் தெரியும். நிரந்தர முகவரியில் அப்பா பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர், நாங்குநேரி வட்டம் என்று கடகடவென்று எழுதிக்கொண்டு வந்தேன். அங்கேயும் ஆறு கட்டங்கள் இருந்தன. பேனா நின்றுவிட்டது. பிறந்து இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த ஊரின் பின்கோடு எனக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்தால் பதினேழுதான் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நம்பரா? இங்க எதுக்குளா நம்பரு? எம்பேரப் போடு, வந்துரும்" என்றார் அப்பா.

மறுநாள் காலை சயானில் ஏறியபோது அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. உட்கார இடம் கிடைத்தது. ஃபோனில் தேடி நிரப்பிவிடலாம் என்று ஃபைலை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தேன். ஒரு பெண் குனிந்து, "கிதர் உத்தர்னே கா?" என்றாள். விக்ரோலி என்று சரியாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது, என் இடத்தின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காட்கோபர் தாண்டியதும், அப்பா சொன்ன மாதிரி பேர் போதும் என்று பேனாவை மூடி எழுந்து அவளுக்கு இடம் விட்டுவிட்டு, ஆறு கட்டமும் காலியாக இருந்த அந்த ஃபாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் கம்பியைப் பிடித்து நின்றேன்.